ஆப்பிரிக்காவுக்கு வேதத்தைக் கொண்டுபோனது யார்?

தேரிக்காடு (ஞாயிறு, மாலை 4.10)

இன்று காலை ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, ஆப்பிரிக்காவுக்கு வேதத்தைக் கொண்டுபோனது லிவிங்ஸ்டன்தானே?" வாய் தவறி ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, ஏனென்றால் அது சரியில்லை.

ஸ்காட்லாந்து மிஷனெரி லிவிங்ஸ்டன் 1841இல் போனார், 1873இல் அங்கேயே இறந்தார். அவர் கையால் மனந்திரும்பியவர் என்று சொல்ல இருப்பவர் ஒரே ஒருவர்தான்: இன்றைய போட்ஸ்வானாவில் வாழும் பக்வேனா மக்களின் தலைவர் செச்செலே. 1848இல் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார். கொஞ்ச நாளில் அனுப்பியவர்களில் ஒருத்தி அவரால் கர்ப்பமானாள். லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தார், பிறகு வடக்கே கிளம்பிப் போய்விட்டார். செச்செலே விடவில்லை. தன் மக்களுக்குத் தானே ஜெபம் நடத்தினார், தானே வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். பக்கத்து இனங்களுக்கும் அவர் வழியாகத்தான் செய்தி போனது. அப்படியானால் அந்த மண்ணில் மிஷனெரி யார்?

என் தாத்தா உபதேசியார். சைக்கிளில் தேரி மணலைத் தள்ளிக்கொண்டு நாலு ஊருக்குப் போய் ஜெபம் நடத்தியவர். மிஷன் அறிக்கைகளில் அவரைப் போன்றவர்களுக்குப் பெயர் கிடையாது. "சுதேச ஊழியர்கள் இத்தனை பேர்" என்று ஒரு எண்ணிக்கை இருக்கும், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலும் அப்படியேதான் நடந்திருக்கிறது. அதனால்தான் சாமுவேல் அஜயி குரோதரைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

இன்றைய நைஜீரியாவில் ஒசோகுன் என்ற யொருபா ஊர். 1821இல் அடிமை பிடிப்பவர்கள் ஊரைக் கொளுத்தியபோது அஜயிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். அம்மாவிடமிருந்து பிரித்து, ஒரு குதிரைக்கு மாற்றாக ஒருவனிடம் கொடுத்து, கை மாறி கை மாறிக் கடைசியில் போர்த்துக்கீசியக் கப்பலில் ஏற்றினார்கள். 1822இல் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மறித்துப் பிடித்து, பையனை சியரா லியோனில் இறக்கிவிட்டது. 1825இல் ஞானஸ்நானம். 1827இல் ஃப்ரீடவுனில் ஃபூரா பே கல்லூரி தொடங்கியபோது முதல் மாணவர்களில் ஒருவர். 1843இல் லண்டனில் குருப்பட்டம்.

அப்புறம் 1846இல் யொருபா நாட்டின் அபியோகுட்டாவுக்கு மிஷனெரியாக வந்தார். அங்கே அவருடைய அம்மா கிடைத்தார். 25 வருடத்துக்குப் பிறகு! தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். பிறகு தன் தாய்க்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்து அன்னாள் என்று பெயர் வைத்தார். வேதத்தில் அன்னாளின் பிள்ளை சாமுவேல்தானே.

1864இல் இங்கிலாந்தின் கேண்டர்பரியில் அவரை அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பண்ணினார்கள். ஆங்கிலிக்கன் சபையில் முதல் கறுப்பின அத்தியட்சர். நம் அசரியா முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சராக வந்தது 1912இல்தான், 48 வருடம் கழித்து. இவ்வளவு பெரிய ஆளைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.


கருவேலம் (ஞாயிறு, மாலை 5.35)

தேரிக்காடு, நீங்கள் மனதாரச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் நானும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். குரோதரின் கதை அருமையானது. ஆனால் நல்லவர்களைப் பொறுக்கி எடுத்து வைத்தால் எந்த வரலாறும் அழகாகத்தான் இருக்கும். குரோதரை மீட்ட அதே பிரிட்டிஷ் கடற்படைதான் 1851இல் லாகோஸைப் பீரங்கியால் அடித்தது. பத்து வருடத்தில் லாகோஸ் காலனி ஆனது. லிவிங்ஸ்டன் பேசியது "கிறித்தவமும் வணிகமும்" என்று இரண்டையும் சேர்த்து. 1884-85இல் பெர்லினில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டவர்களும் தங்களைக் கிறித்தவ நாடுகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

இன்னொன்று. குரோதர் பங்கெடுத்து மொழிபெயர்த்த யொருபா வேதத்தில் பிசாசுக்கு என்ன சொல் தெரியுமா? எஷு. யொருபா மக்களுக்கு எஷு என்பது நாற்சந்தியில் நிற்கும் தெய்வம். மனிதர் படைப்பதை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும் தூதர். குறும்புக்காரர்தான், ஆனால் தீமையின் வடிவம் அல்லர். ஒரு மொழிபெயர்ப்பில் ஒரு ஊரின் காவல் தெய்வம் பிசாசு ஆகிவிட்டது. இன்றைக்கும் யொருபா மரபு வழிபாட்டுக்காரர்கள் "எஷு சாத்தான் அல்ல" என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் கருப்பசாமியை ஒருவர் வந்து அப்படி ஆக்கினால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.


கோந்தர் டீச்சர் (ஞாயிறு, இரவு 8.20)

நீங்கள் இரண்டு பேரும் 1800களிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் எத்தியோப்பியாவில் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், அதனால் கொஞ்சம் முன்னால் போகிறேன்.

அங்கே போன புதிதில் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "உங்களுக்குக் கிறித்தவம் எந்த நாட்டு மிஷனெரி வழியாக வந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. காபியைச் சுண்டக் காய்ச்சி ஊற்றிக்கொண்டே, "ஐரோப்பாவில் பாதிக்கு வருவதற்கு முன்னால் எங்களுக்கு வந்துவிட்டது" என்றார். சரிதான். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் காசாவுக்குப் போகிற வழியில் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்தவர் எத்தியோப்பிய மந்திரி. பவுல் மனந்திரும்புவது அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான்.

பிறகு நான்காம் நூற்றாண்டு. தீரு பட்டணத்துப் பையன்கள் இருவர், ஃப்ருமென்டியுஸ், எதேசியுஸ். செங்கடல் ஓரத்தில் கப்பல் தாக்கப்பட்டு மற்றவர்கள் கொல்லப்பட, இவர்கள் இருவரும் அன்றைய எத்தியோப்பிய அரசான அக்சுமின் அரண்மனைக்கு அடிமைகளாகப் போனார்கள். அங்கேயே வளர்ந்து, அரசகுமாரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடத்துக்கு வந்தார்கள். விடுதலை கிடைத்ததும் எதேசியுஸ் ஊருக்குப் போய்விட்டார். ஃப்ருமென்டியுஸ் அலெக்சாந்திரியாவுக்குப் போய், "அங்கே ஒரு ஆயரை அனுப்புங்கள்" என்று அந்தச் சபையின் தலைவர் அத்தனாசியுஸிடம் கேட்டார். "உன்னைவிடப் பொருத்தமானவர் யார்?" என்று அவரையே ஆயராக்கித் திருப்பி அனுப்பினார் அத்தனாசியுஸ். எத்தியோப்பியர்கள் அவரை இன்றும் அப்பா சலாமா என்று கூப்பிடுகிறார்கள், சமாதானத் தந்தை. அந்தக் கால அக்சும் மன்னர் எசானாவின் பழைய காசுகளில் பிறையும் வட்டமும் இருக்கும். பிந்திய காசுகளில் அந்த இடத்தில் சிலுவை வந்துவிடும். மதம் மாறியதை ஒரு காசைப் புரட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அவர் கூடப் படை வரவில்லை. அவரே அடிமையாக வந்தவர்.

எத்தியோப்பியர்கள் வேதத்தைத் தங்கள் பழைய மொழியான கீயஸில் பெயர்த்துக்கொண்டார்கள், அதுதான் அவர்களைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். வட ஆப்பிரிக்காவைப் பாருங்கள். தெர்த்துல்லியன், சிப்ரியான், அகுஸ்தீன் என்று எத்தனை பெரியவர்கள்! ஆனால் அந்தச் சபை பேசியது லத்தீன். மலையிலும் காட்டிலும் இருந்த பெர்பர் மக்களின் மொழியில் வேதம் வரவே இல்லை. சில நூற்றாண்டுகளில் அந்தச் சபை கரைந்துபோனது. எகிப்தில் கோப்திக் மொழியில் இருந்தது, நின்றது. கீயஸில் இருந்தது, நின்றது. மொழி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய காரணம்.

ஜனவரி 19ஆம் தேதி எத்தியோப்பியாவின் கோந்தரில், இயேசுவின் ஞானஸ்நானத்தை நினைக்கும் திம்கத் பெருவிழாவைப் பார்க்க வேண்டும். ஊரே நெத்தெலா என்ற வெள்ளைப் பருத்திச் சால்வை போர்த்திக்கொண்டு, பட்டுக்குடைகளுக்குக் கீழே குருமார் தாபோத் என்ற புனிதப் பலகையைத் தலையில் சுமந்து வர, முரசு அதிர, ஃபாசிலிதஸ் மன்னர் கட்டிய குளத்தைச் சுற்றி விடிய விடிய நிற்பார்கள். நான் அழுதுவிட்டேன். எங்கள் ஊர்த் தேர்த்திருவிழா போலவே இருந்தது.


தேரிக்காடு (ஞாயிறு, இரவு 9.05)

டீச்சர், ரொம்ப நன்றி. அந்த வரியை எழுதி வைத்துக்கொண்டேன்: அவரே அடிமையாக வந்தவர். குரோதரும் அப்படித்தானே.

கருவேலம், எஷு விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, அது ஒரு காயம்தான். ஆனால் அதே யொருபா வேதத்தில் கடவுளுக்கு வெளியிலிருந்து சொல் வரவில்லை. ஒலோருன், யொருபா மக்கள் காலங்காலமாகக் கூப்பிட்ட பெயர். குருவானவருக்கு அங்கேயிருந்த முஸ்லிம்கள் வழங்கிய அல்ஃபா என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நம் வேதத்திலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. கத்தோலிக்க மிஷனெரி நோபிலி சருவேசுரன் என்றார், வேதத்தைத் தமிழாக்கிய ஃபெப்ரீஷியஸ் பராபரன் என்றார், பிறகு தேவன் வந்தது, இப்போது கடவுள். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு வாசல் திறக்கும், இன்னொன்று மூடும்.


வட்டுக்கோட்டை (திங்கள், காலை 6.50)

நல்ல இழை. ஒரு சின்ன விசயம் மட்டும். மொழிபெயர்ப்பைப் பற்றிக் கதைக்கும்போது கூட இருந்து சொல் எடுத்துக் கொடுத்தவர்களை மறக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது பக்கத்தில் இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். பிறகு அதே மிசனரிமாரை எதிர்த்து அதே அச்சு இயந்திரத்தை ஆயுதமாக எடுத்தவரும் அவர்தான். மிசன் கொடுத்த எழுத்தும் அச்சும் மிசனுக்கே பதில் சொல்லப் பயன்பட்டது ஆப்பிரிக்காவிலும் நடந்தது. கென்யாவில் 1929இல் பெண்களுக்குச் சுன்னத்துச் செய்யும் வழக்கத்தை மிசன் தடுத்தபோது, கிக்குயு மக்களில் பலர் வெளியேறித் தங்களுக்கென்று பள்ளிக்கூடங்களும் சபைகளும் கட்டினார்கள். அந்த வழக்கம் கொடியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெளியேறியவர்கள் பைபிளையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்கள் என்பதைப் பாருங்கள்.


கோட்டாறு வாசகன் (திங்கள், காலை 10.15)

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கத்துக் கதையை நானே சொல்லிவிடுகிறேன், அதில் பெருமையும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது.

கொங்கோ அரசு. 1491இல் மன்னர் திருமுழுக்குப் பெற்றார். அவர் மகன் அஃபோன்சோ உண்மையிலேயே விசுவாசி. பள்ளிகள் தொடங்கினார், மகன் என்றிக்கேயைப் போர்ச்சுகலுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அந்த என்றிக்கே 1518இல் ஆயராக நியமிக்கப்பட்டார். குரோதருக்கு மூன்றரை நூற்றாண்டு முன்னால்! ஆனால் 1526இல் இதே அஃபோன்சோ போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். உங்கள் வணிகர்கள் தினமும் எங்கள் மக்களைப் பிடித்துப் போகிறார்கள், பிரபுக்களின் பிள்ளைகளைக்கூட, என் உறவினர்களைக்கூட, நாடு வெறிச்சோடுகிறது, எங்களுக்குக் குருக்களும், பள்ளியில் சொல்லிக் கொடுக்கச் சிலரும், பூசைக்கு இரசமும் மாவும் போதும், வேறு சரக்கு வேண்டாம். இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். ஞானஸ்நானத் தொட்டியில் உறவானவர் கெஞ்சினார், கேட்கவில்லை. அங்கே இருந்த குருக்களில் சிலரே அடிமை வாங்கி விற்றார்கள்.

அதே கொங்கோவில் கிம்பா வீட்டா. இருபது வயதைச் சற்றே தாண்டிய பெண். உள்நாட்டுப் போரில் பாழான தலைநகருக்கு மக்களைத் திரும்பக் கூட்டி வந்தாள். இயேசுவும் மரியாவும் கொங்கோ மக்கள்தான் என்று பிரசங்கித்தாள். 1706 ஜூலை 2ஆம் தேதி அவளை எரித்தார்கள். தீர்ப்பு அரசருடையது, ஆனால் கப்புச்சின் துறவிகள் அதற்கு உடந்தை. சரியாக ஏழு நாள் கழித்து, ஜூலை 9ஆம் தேதி, ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் கரை இறங்கினார். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கரையில் ஒருவர் மணலில் எழுதித் தமிழ் படிக்கத் தொடங்குகிறார். இன்னொரு கரையில், கடவுள் எங்கள் முகத்தில் வந்தார் என்று சொன்ன பெண்ணின் சாம்பல் ஆறிக்கொண்டிருக்கிறது.


கருவேலம் (திங்கள், பகல் 1.40)

கோட்டாறு வாசகன், இப்படி நேர்மையாகப் பேசுவதால்தான் இந்த இழையில் இருக்கிறேன். அப்படியானால் ருவாண்டாவையும் பேச வேண்டும். வெள்ளைத் துறவிகள் (White Fathers) என்ற கத்தோலிக்க மிஷனெரிகள் 1900இல் அங்கே போனார்கள். அங்கே ஹூட்டு, துட்சி என்ற இரண்டு இனத்தாரில் துட்சிகளே ஆளப் பிறந்தவர்கள் என்ற எண்ணத்துக்கு ஆயர் கிளாஸ் போன்றவர்கள் துணை நின்றார்கள். பெல்ஜிய அரசு அடையாள அட்டையில் இனத்தைப் பதித்தது. 1950களில் சபையின் சாய்வு ஹூட்டு பக்கம் திரும்பியது. 1994இல் துட்சிகளை இனப்படுகொலை செய்தபோது ஜனங்கள் கோவிலுக்குள் ஓடினார்கள், கோவில் காப்பாற்றும் என்று நம்பி. ந்தராமா, ந்யமாதா கோவில்களிலேயே கொன்றார்கள். ந்யாங்கேயில் புல்டோசர் கொண்டு கோவிலை இடித்து உள்ளே இருந்தவர்களைக் கொன்றதில் பங்குக்குருவுக்கே பங்கு உண்டு என்று சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. ஆப்பிரிக்காவில் மிகக் கூடுதலாகக் கிறித்தவர்கள் வாழ்ந்த நாடுகளில் ஒன்று அது. என்ன போதித்தார்கள் அங்கே?


கோட்டாறு வாசகன் (திங்கள், பகல் 3.00)

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. 2017 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் ருவாண்டா அதிபரிடம் சபையின் பாவத்துக்காக இறைவனின் மன்னிப்பை வேண்டுவதாகச் சொன்னார். அது 23 வருடம் தாமதம். இதை மறைத்துவிட்டு மறைபரப்பு ஞாயிறு கொண்டாட எனக்கு மனம் வராது.

ஒன்றை மட்டும் கூடச் சொல்கிறேன், கணக்கைச் சரிக்கட்ட அல்ல. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொங்கோவில் ரப்பருக்காக மக்களைக் கொன்று கையை வெட்டியபோது அதை உலகத்துக்குக் காட்டியவர்களும் மிஷனெரிகள்தான். 1904இல் ந்சாலா என்ற தகப்பன், ஐந்து வயது மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் ஒரு இலையில் சுற்றிக்கொண்டு மிஷன் வீட்டுக்கு வந்தார். அலிஸ் சீலி ஹாரிஸ் அவரைத் திண்ணையில் உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படத்தை இங்கிலாந்து முழுக்க ஊர் ஊராகத் திரையில் காட்டினார்கள். 1908இல் லியோபோல்ட் அந்த நாட்டைத் தன் சொந்தப் பிடியிலிருந்து விட வேண்டியதாயிற்று.


புதுவரவு (திங்கள், மாலை 6.25)

எல்லாவற்றையும் படித்தேன். தேரிக்காடு அண்ணா, குரோதருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று? பாதியில் விட்டுவிட்டீர்கள்.


தேரிக்காடு (திங்கள், இரவு 9.30)

தம்பி, விட்டதற்குக் காரணம் உண்டு. அந்தப் பகுதியை எழுதக் கை வரவில்லை.

அவரை அத்தியட்சராக்க வேண்டும் என்று பாடுபட்டவர், அவரை அனுப்பிய ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ்.ஸின் செயலர் ஹென்றி வென். சபை தன் காலில் நிற்க வேண்டும், தன்னை ஆள வேண்டும், தானே பரம்ப வேண்டும், மிஷன் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் திருநெல்வேலிச் சபையையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். ஆனால் ஒரு கறுப்பர் தங்களுக்கு மேலே வருவதை அபியோகுட்டாவில் இருந்த வெள்ளை மிஷனெரிகள் ஏற்கவில்லை. முதன்மையாக எதிர்த்தவர் ஹென்றி டௌன்சென்ட், 1859இல் முதல் யொருபாப் பத்திரிகையைத் தொடங்கியவர். நல்ல காரியம் செய்த கைதான் இதையும் செய்தது. அதனால் குரோதருக்கு வெள்ளையர் இருந்த இடங்களை விட்டுவிட்டு, நைஜர் ஆற்றின் நெடுக மலேரியாவும் வணிகக் கம்பெனியும் ஆண்ட பகுதியைக் கொடுத்தார்கள். ஊழியர்கள் எல்லாம் ஆப்பிரிக்கர்கள், பலர் சியரா லியோனில் மீட்கப்பட்ட அடிமைகளின் பிள்ளைகள். கம்பெனி நீராவிப் படகு எப்போது வருகிறதோ அப்போதுதான் தன் சபைகளைப் பார்க்கப் போக முடியும். அப்படி ஓட்டினார், 25 வருடத்துக்கு மேல்.

வென் இறந்தபின் காற்று மாறியது. 1880களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். பக்தி வைராக்கியம் நிறைந்தவர்கள், குரோதருக்குப் பேரன் வயது. ஊழியர்களின் ஒழுக்கம் சரியில்லை, வணிகம் செய்கிறார்கள் என்று விசாரணை. சில குற்றச்சாட்டுகளில் உண்மையும் இருந்தது. ஆனால் 1890இல் ஒனிட்ஷாவில் நடந்த கூட்டத்தில் எண்பதைத் தாண்டிய அந்த அத்தியட்சரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே அவர் ஊழியர்களை ஒவ்வொருவராக நீக்கினார்கள். அவர் நிதிக்குழுவிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31ஆம் தேதி இறந்தார். அடுத்து அந்த இடத்துக்கு வந்தது வெள்ளையர். 1950கள் வரை நைஜீரியாவில் தனி ஆங்கிலிக்கன் பேராயம் எதுவும் ஆப்பிரிக்கர் பொறுப்பில் கொடுக்கப்படவில்லை. 2014இல் கேண்டர்பரி பேராயர் வெல்பி இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இதே ஏக்கத்தைத்தான் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து சொன்னார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அங்கே இருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் பூட்டி வைத்த கதவுக்கு வெளியே என்ன நடந்தது பாருங்கள். 1913இல் லைபீரியாவின் கிரெபோ இனத்தைச் சேர்ந்த வில்லியம் வாடே ஹாரிஸ், வெள்ளை அங்கி போட்டு, மூங்கில் சிலுவையும் ஒரு சுரைக்குடுவையும் வேதமும் எடுத்துக்கொண்டு, ஐவரி கோஸ்ட் கரையோரம் நடந்தார். எந்த மிஷனும் அனுப்பவில்லை. ஒன்றரை வருடத்துக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஞானஸ்நானம். பிரெஞ்சு அரசு பயந்துபோய் அவரை நாடு கடத்தியது. பத்து வருடம் கழித்து ஒரு மெதடிஸ்ட் மிஷனெரி அங்கே போனபோது, ஊர் ஊராகக் கோவில் கட்டி, வேதத்தைச் சொல்லிக் கொடுக்க ஆள் வரும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

1910இல் சகாராவுக்குத் தெற்கே கிறித்தவர்கள் 90 லட்சம் அளவில். 2010இல் 50 கோடிக்கு மேல். இதில் பெரும்பகுதி இப்படி நடந்து போனவர்களின் வேலை.


கருவேலம் (திங்கள், இரவு 10.45)

குரோதரின் முடிவு எனக்குத் தெரியாது. மனசு கனக்கிறது. காலனியத்தைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் காலனியத்தில் அடிபட்டவர்களில் இந்தச் சபையாரும் இருக்கிறார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்காமல் பேசியிருக்கிறேன்.


கோந்தர் டீச்சர் (செவ்வாய், காலை 7.15)

தேரிக்காடு, அடுத்த ஞாயிறு அந்தப் பையனுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? குரோதரின் கடைசிக் காலம் அந்த வயதுக்குப் பாரமாக இருக்கும்.


தேரிக்காடு (செவ்வாய், இரவு 8.50)

யோசித்து வைத்துவிட்டேன் டீச்சர். லேனாவின் கதையைச் சொல்லப் போகிறேன்.

1737இல் கேயோர்க் ஷ்மிட் என்ற மொரேவியச் சபை மிஷனெரி தென்னாப்பிரிக்காவில் கோய்கோய் மக்களிடையே போய் ஒரு பள்ளத்தாக்கில் குடிசை போட்டார். தோட்டம் போட்டார், ஒரு பேரி மரம் வைத்தார், வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். 1742இல் சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அதில் ஒருத்தி மகதலேனா, அவள்தான் லேனா. ஷ்மிட்டுக்கு முறையான குருப்பட்டம் இல்லை, கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று கேப் டவுன் குருமார் சண்டை பிடித்தார்கள். 1744இல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். திரும்பி வர விடவில்லை.

கிட்டத்தட்ட ஐம்பது வருடம். ஒரு மிஷனெரியும் கிடையாது.

1792இல் மூன்று மொரேவியர்கள் அந்தப் பள்ளத்தாக்கைத் தேடி வந்தார்கள். பேரி மரம் பெரிதாகி நின்றது. மகதலேனா உயிரோடு இருந்தாள், எண்பது வயதுக் கிழவி. ஷ்மிட் கொடுத்த புதிய ஏற்பாட்டை ஆட்டுத்தோலில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். கண் தெரியவில்லை, அதனால் இளையவள் ஒருத்தி அதை விரித்து அவர்களுக்கு வாசித்துக் காட்டினாள். மத்தேயு இரண்டாம் அதிகாரம், சாஸ்திரிகள் நட்சத்திரத்தைப் பார்த்து வந்த கதை.

அந்த ஊருக்குப் பிறகு கெனாடெண்டால் என்று பெயர் வந்தது, கிருபையின் பள்ளத்தாக்கு. மண்டேலா அதிபரானபோது கேப் டவுனில் இருந்த தன் அரசு இல்லத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

வகுப்பில் ஒரு பழைய புதிய ஏற்பாட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோகிறேன். தாத்தாவுடையது வீட்டில் இருக்கிறது. கேள்வி கேட்ட பையனையே பிரித்து வாசிக்கச் சொல்வேன்.